மார்க்கமும் கல்வியும் ஒரு வகுப்பறையில்

நம் நாட்டின் முஸ்லிம் ஊர்களில் வளரும் சிறுவனுக்குப் பள்ளிகள் இரண்டு. ஒன்று குர்ஆன் பள்ளிக்கூடம், மற்றொன்று பாடசாலை. முன்னதில் தொப்பியணிந்து, அரபு எழுத்துக்களைக் கூட்டி, திருமறையை ஓதப் பழகுகிறான். பின்னதில் வெண்ணிறச் சீருடையணிந்து கணிதமும் விஞ்ஞானமும் சரித்திரமும் கற்கிறான். இரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் பெரும்பாலும் நாலு வீடு தள்ளித்தான் இருக்கும். ஆயின் அச்சிறுவனுடைய உள்ளத்தில் அத்தூரம் எவ்வளவு?

காலையில் ஓதியவன் ஒருவனாகவும், பகலிற் படித்தவன் வேறொருவனாகவும் அவன் வளர்வானாயின், இரு பள்ளிகளும் தத்தம் கடமையிற் பாதியைத்தான் செய்தனவாகும். ஓதியதும் படித்ததும் ஓருள்ளத்திற் சென்று கூடுமாயின், அவனிலும் பேறு பெற்ற மாணவன் இல்லை. மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் கூடுமா, கூடுமாயின் எவ்வாறு கூடும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

சைவச் சூழலில் வாழ்ந்து, கல்லூரியிற் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் சிலர் வினவக்கூடும். இக்கேள்வி முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று என்பதே நமது விடை. இதே கேள்வியை யாழ்ப்பாணத்துச் சைவர்களும் கேட்டார்கள். தென்னிலங்கைப் பௌத்தர்களும் கேட்டார்கள். இதனை எதிர்கொண்ட இலங்கை முஸ்லிம்களின் வரலாறோ எல்லோருக்கும் பாடமாக அமையத்தக்கது.

அச்சம் விளைத்த இழப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கையில் ஆங்கிலக் கல்வியே உத்தியோகத்துக்கும் சட்டத்துக்கும் வைத்தியத்துக்கும் வாசலாயிருந்தது. அந்த வாசலிற் பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிமாரே நின்றனர். அவர்கள் சிறந்த ஆசிரியர்கள். ஆனால் பைபிளும் பாடநூலும் அவர்களிடம் ஒன்றாகவே வந்தன. தன் பிள்ளை ஆங்கிலம் கற்று வரும்போது மார்க்கத்தை விட்டு வந்துவிடுவானோ என்று முஸ்லிம் தந்தை அஞ்சினான். அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. பிள்ளையை இழக்க எந்தப் பெற்றோர்தாம் விரும்புவர்?

ஆயின் அச்சத்துக்குக் கொடுத்த விலை பெரிது. முஸ்லிம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் குர்ஆன் பள்ளிக்கூடத்தோடு நின்றனர். அங்கே அவர்கள் எழுத்தறிவு பெறாமலில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் அவர்களிடம் செழித்திருந்தது. அதில் மார்க்க நூல்களும் பாடல்களும் கடிதங்களும் எழுந்தன. எனினும் நீதிமன்றமும் கச்சேரியும் வைத்தியசாலையும் பேசிய மொழி வேறு. வியாபாரத்திலே வல்லவராயிருந்த ஒரு சமூகம், படிப்பினாலே பெறக்கூடிய இடங்களில் தன் மக்களைக் காணாது பல ஆண்டுகளைக் கழித்தது.

இதே அச்சத்தை யாழ்ப்பாணமும் அறியும். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதற்கு அதுவே காரணம். சமயத்தை இழவாது கல்வியைப் பெறவேண்டும் என்பது அவர் துணிபு. மிஷனரிமாரின் பாடமுறையையும் அச்சுக்கலையையும் அவர் வெறுத்தொதுக்கவில்லை. கற்றுக்கொண்டு தம் சமயத்துக்குப் பயன்படுத்தினார். பின்னர் கொழும்பில் 1886 இல் பௌத்தரின் ஆனந்தாக் கல்லூரியும், 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1892 இல் கொழும்பு மருதானையில் முஸ்லிம்களின் ஸாஹிராவும் உருவாயின. ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று சமயத்தவரும் ஒரே முடிவுக்கு வந்தது தற்செயலன்று. சமயத்துக்கு மதிப்பளிக்கும் பாடசாலை இருந்தாலன்றிப் பெற்றோரின் அச்சம் தீராது என்பதை மூவரும் உணர்ந்தனர்.

கண்டி தந்த வழக்கறிஞர்

முஸ்லிம்களிடையே இவ்வுணர்வை எழுப்பியவர் கண்டியிற் பிறந்த எம். சி. சித்திலெப்பை அவர்கள் (1838-1898). அவர் சட்டம் பயின்று வழக்கறிஞராக விளங்கியவர். அதே வேளை ஆன்மிக நூல் எழுதுமளவுக்கு மார்க்க ஞானமும் உடையவர். 1882 இல் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை, கல்வியின் அவசியத்தை வாரந்தோறும் தமிழில் எடுத்துரைத்தது. 1885 இல் அவர் வெளியிட்ட ‘அஸன்பேயுடைய சரித்திரம்’ ஈழத்தில் எழுந்த முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகிறது.

எழுதியதோடு அவர் அமையவில்லை, பாடசாலைகளைத் திறந்தார். குர்ஆனும் அரபும் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் ஒரே இடத்திற் கற்பிக்கப்படவேண்டும் என்பது அவர் திட்டம். பெண் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்று அக்காலத்திலேயே கண்டியில் அதற்கென முயன்றார். அவரை எதிர்த்தவர்கள் அவருடைய சமூகத்திலேயே பலர் இருந்தனர். தொடங்கிய பாடசாலைகளுள் நிலைக்காது போனவையும் உண்டு. ஆயினும் அவர் தளரவில்லை.

அவ்வேளையில் அவருக்கு எதிர்பாராத துணையொன்று கிட்டியது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடித் தோல்வியுற்ற ஒராபி பாஷா, 1883 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். 1901 வரை அவர் இங்கே வாழ்ந்தார். ஆங்கிலேயரின் பீரங்கிக்குத் தோற்ற அவர், ஆங்கிலக் கல்வியை வெறுக்குமாறு முஸ்லிம்களுக்குச் சொல்லவில்லை. மார்க்கத்தோடு அதனையும் பெறுமாறே தூண்டினார்.

மூன்றாமவர் வாப்பிச்சி மரைக்காயர். கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தகாரர் இவரே. கைம்மாறாக யாது வேண்டும் எனத் தேசாதிபதி வினவ, முஸ்லிம்களின் தொழுகை நாளாகிய வெள்ளிக்கிழமையில் நூதனசாலையை மூடிவைக்குமாறு அவர் கேட்டதாகச் செவிவழிச் செய்தியொன்று உண்டு. செய்தி எவ்வாறாயினும், அவர் செய்த கொடை மெய்யானது. அறிஞர் ஒருவர், நாடிழந்த தலைவர் ஒருவர், கட்டடத் தொழிலால் உயர்ந்த செல்வர் ஒருவர் ஆகிய மூவரின் முயற்சி ஒன்றுகூடவே, 1892 ஆகஸ்டு மாதத்தில் மருதானைப் பள்ளிவாசலின் அருகே அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா எழுந்தது. அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

வண்ணார்பண்ணை மாணவர்

கட்டடம் எழுந்தால் மட்டும் கல்வி கூடிவிடாது. அதனைக் கூட்டிவைக்கும் மனிதர் வேண்டும். ஸாஹிராவுக்கு அத்தகைய அதிபர் இருவர் அடுத்தடுத்து வாய்த்தனர்.

1921 இல் அதிபரான ரி. பி. ஜாயா அவர்கள் மலாய் வகுப்பைச் சேர்ந்த முஸ்லிம். அதற்கு முன் அவர் பௌத்தரின் ஆனந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். பிற சமயத்தவரின் கல்லூரியிற் கற்பித்துப் பெற்ற அனுபவத்தோடு தம் சமூகத்தின் கல்லூரியைக் கையேற்று, இருபத்தேழு ஆண்டுகள் அதனைக் கட்டியெழுப்பினார். 1947 இல் நாட்டின் முதல் மந்திரிசபையில் இடம்பெற்றார். 1960 இல் யாத்திரை சென்றவிடத்து மதீனா நகரிற் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். அவர் 1911 இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். தேவாரம் ஒலிக்கும் பாடசாலையிற் படித்தும் அவர் மார்க்கம் குன்றவில்லை. முஸ்லிமாக இருந்தமையால் அவருடைய தமிழும் குன்றவில்லை. 1935 இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம் அவரே. கல்முனையில் உத்தியோகம் பார்த்த காலத்திற் கீழ்மாகாண முஸ்லிம்களின் கல்விக் குறைவைக் கண்ணாரக் கண்டார். அதன் பயனாக 1945 இல் வறிய மாணவர்களுக்கான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். 1948 இல், எல்லோரும் விரும்பும் சிவில் சேவையைத் துறந்து, பாடசாலை அதிபரானார். இத்தகைய துறவு நம் காலத்தில் அரிது.

1961 வரை அவர் நடத்திய ஸாஹிராவின் சிறப்பு யாது? முஸ்லிம்களின் கல்லூரியாக இருந்தும் அது முஸ்லிம்களுக்கு மட்டுமுரிய கல்லூரியாகவில்லை. பிற்காலத்திற் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எனத் தமிழுலகம் அறிந்த அறிஞர், வடமராட்சியின் கரவெட்டியிலிருந்து வந்து ஸாஹிராவிற் கற்றவர். பின்னர் அங்கேயே கற்பித்தவர். இந்துக் கல்லூரியிற் படித்த முஸ்லிம் அதிபராயிருக்க, முஸ்லிம் கல்லூரியில் யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர் பயின்றார். தன் சமயத்தில் உறுதியாக நின்றவரே பிற சமயத்தாருக்குக் கதவு திறந்தார் என்பது கருதற்பாலது.

இதற்கு இணையான மற்றொரு செய்தியும் உண்டு. பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் அவர்களை உயர்கல்வியிலே தமிழின்பால் ஆற்றுப்படுத்தியவர் இராமகிருஷ்ண மிஷன் துறவியாகிய சுவாமி விபுலாநந்தர். முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டினைப் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பொருளாக்கினார் உவைஸ். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராகவும் விளங்கினார். காவியுடுத்த துறவியொருவர் ஊக்கிய மாணாக்கர் இஸ்லாமிய இலக்கியத்தை உலகறியச் செய்தார். நம்பிக்கையும் புலமையும் கைகோத்தமைக்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுமோ?

வகுப்பறையிற் கூடுவது எவ்வாறு?

கால அட்டவணையில் ஒரு பாடவேளை இஸ்லாம், அடுத்த பாடவேளை விஞ்ஞானம் என்று எழுதிவிட்டால் இரண்டும் கூடிவிட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர். ஒரு தட்டிற் சோறும் மற்றொரு தட்டிற் கறியும் வைத்தால் உணவு கலந்துவிடுமா? கலந்து உண்ணக் கற்பிப்பவரே ஆசிரியர். இதற்கு இஸ்லாமிய வாழ்க்கையிலிருந்தே சில உதாரணங்கள் தருவோம்.

முதலாவது, தொழுகை நேரம். அஸர்த் தொழுகையின் நேரம் நிழலைக் கொண்டு கணிக்கப்படுகிறது. நம் நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ முறைப்படி, ஒரு பொருளின் நண்பகல் நிழலோடு அப்பொருளின் உயரமும் சேர்ந்த அளவுக்கு நிழல் நீளும்போது அஸர் தொடங்கும். ஏப்பிரில் முற்பகுதியிற் சூரியன் கொழும்புக்கு நேர் மேலே வரும் நாளில், நண்பகலில் நட்ட கம்புக்கு நிழலேயில்லை. அன்று நிழல் கம்பின் உயரத்தை எட்டும்போது சூரியன் அடிவானிலிருந்து 45 பாகை உயரத்தில் நிற்கும். அது நண்பகலுக்கு ஏறக்குறைய 3 மணி நேரத்தின் பின் நிகழும். கணித ஆசிரியர் மாணவரைப் பாடசாலை முற்றத்துக்கு அழைத்துச் சென்று ஒரு கம்பை நட்டால் போதும். திரிகோண கணிதமும் தொழுகையும் ஒரே நிழலில் விளங்கும்.

இரண்டாவது, பிறை. சந்திர மாதங்கள் பன்னிரண்டு கூடிய ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்கள். சூரிய ஆண்டிலும் அது சுமார் 11 நாள் குறைந்தது. அதனாலேயே நோன்பு மாதம் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. பாட்டன் மாரியிற் பிடித்த நோன்பைப் பேரன் கோடையிற் பிடிக்கக் காரணம் யாது என்ற கேள்வியிலிருந்தே வானியற் பாடத்தைத் தொடங்கலாம்.

மூன்றாவது, வாரிசுரிமை. ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் இரு மகள்மாரையும் விட்டு இறந்தார் என்க. இஸ்லாமியச் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதி எட்டில் ஏழு பங்கு, மகனுக்கு இரண்டும் மகள் ஒவ்வொருத்திக்கும் ஒன்றுமாகப் பிரியும். முழுச் சொத்தை 32 கூறாக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்மாருக்கு ஏழேழு. பின்னக் கணக்குக்கு இதனினும் உயிருள்ள பயிற்சி வேறு யாது?

ஒன்பதாம் நூற்றாண்டிற் பக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி, அட்சரகணிதத்துக்கு அடிகோலிய தம் நூலிற் பெரும் பகுதியை இத்தகைய வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். ‘அல்ஜிப்ரா’ என்ற பெயரே அந்நூலின் தலைப்பிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஷாத்திர் பெரும் வானியலறிஞர். அவர் வகித்த பதவியோ டமஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் நேரங்கணிப்பாளர் பதவி. அங்கே 1371 இல் அவர் அமைத்த சூரியக் கடிகாரம் புகழ்பெற்றது. அல் பிரூனி சமஸ்கிருதம் கற்று, இந்துக்களின் சமயத்தையும் கணிதத்தையும் வானநூலையும் பற்றி 1030 ஆம் ஆண்டளவில் நடுநிலையான பெருநூல் ஒன்றை எழுதினார். பிறர் கொள்கையை இகழாது எழுதும் பண்பை அவரிடம் முஸ்லிம் மாணவர் மட்டுமன்றி இந்து மாணவரும் கற்கலாம்.

எச்சரிக்கை இரண்டு

எனினும் பழம்பெருமை பேசுவதோடு நின்றுவிடுதல் ஆபத்து. முன்னோர் அட்சரகணிதம் கண்டார் என்று மேடையில் முழங்குவோரின் பிள்ளை அட்சரகணிதத்தில் சித்தியடையாவிட்டால், அப்பெருமையால் யாது பயன்? சைவ மேடைகளிலும் இக்குறை உண்டு. முன்னோரை மதிக்கும் வழி அவர்கள் செய்ததைப் புகழ்வது மட்டுமன்று. அவர்கள் செய்தவாறு உழைப்பதுமாகும்.

இரண்டாவது, சமயமும் பாடமும் எவ்விடத்தும் இலகுவாக இணங்கிவிடும் என்று சொல்வதும் மெய்யன்று. உயிரியலில் பரிணாமக் கொள்கை வரும்போது முஸ்லிம் மாணவருட் சிலர் மனங்கலங்குவர். பிற சமய மாணவருக்கும் அது நேர்வதுண்டு. அவ்வேளையில் ஆசிரியர் பாடத்தை விழுங்கிவிடலாகாது; மாணவரின் நம்பிக்கையை நகையாடவும் கூடாது. விஞ்ஞானிகள் கண்ட சான்றுகள் இவை, அவர்கள் செய்யும் அனுமானம் இது என்று தெளிவுறக் கற்பித்தல் வேண்டும். எழும் கேள்வியை மாணவர் தம் மார்க்க ஆசிரியரிடமும் அஞ்சாது கேட்க இடமிருத்தல் வேண்டும். கேள்வியை அடக்கும் மார்க்க ஆசிரியரும், நம்பிக்கையை இகழும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே பிழையைச் செய்பவர்கள். இருவரும் பிள்ளையின் உள்ளத்தை இரண்டாகப் பிளக்கிறார்கள்.

ஆகவே ஆசிரியரைப் பயிற்றுவதே தலையாய வேலை. 1973 இற் பேருவளையில் நளீம் ஹாஜியார் நிறுவிய ஜாமிஆ நளீமியா இத்துறையில் ஒரு துணிவான முயற்சி. குர்ஆன், ஹதீஸ், அரபு ஆகியவற்றில் ஆழ்ந்த பயிற்சி பெறும் மாணவர், அதனோடு பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் படிக்க அங்கே வழி செய்யப்பட்டது. அவ்வாறு இரு கரையும் அறிந்தவரே வகுப்பறையிற் பாலமாக நிற்க வல்லவர்.

பெண் கல்வியையும் இங்கே மறத்தலாகாது. சித்திலெப்பை கண்ட கனவு, 1946 இற் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தோன்றியபோது ஓரளவு நனவாயிற்று. மார்க்கத்துக்கு மாறாகாத சூழல் உண்டென்று கண்டபோது, பெண்ணைப் படிக்க அனுப்பத் தயங்கிய தந்தையரும் தயக்கம் நீங்கினர். அச்சத்தைத் தீர்த்தது அறிவுரையன்று, நம்பத்தக்க பாடசாலையே.

உடைந்த வாங்கு

இவ்வளவும் கூறிய பின் ஒரு துயரத்தைக் கூறாது விடுதல் தகாது. அஸீஸ் பிறந்த யாழ்ப்பாணத்திலிருந்து 1990 ஒக்டோபர் இறுதியில் முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு துரத்தப்பட்டோர் பல்லாயிரவர். யாழ்ப்பாண நகரில் இரு மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. அன்று உடைந்தவற்றுள் வீடும் கடையும் மட்டுமா? சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அருகருகே அமர்ந்து படித்த வாங்கும் உடைந்தது. அதற்குப் பின் வளர்ந்த யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர், நோன்பு நோற்கும் தோழன் ஒருவன் இன்றியே பாடசாலை வாழ்வை முடித்தனர். அஸீஸைப் போன்ற ஒருவரை வளர்த்த மண்ணுக்கு இதனிலும் பெரிய இழப்பு உண்டோ? திரும்பி வந்து குடியேறியோரின் பிள்ளைகளை நம் கல்லூரிகள் விருந்தினராகக் கருதலாகாது. வீட்டுப் பிள்ளைகளாகவே ஏற்றல் வேண்டும்.

சமயச் சூழலுள்ள பாடசாலை நல்லது. ஆயின் அதன் மதில் மிக உயர்ந்துவிட்டால், உள்ளேயுள்ள பிள்ளை தன்னையன்றிப் பிறரை அறியாது வளர்வான். முன்னோர் பாடசாலை அமைத்தது அச்சத்தைப் போக்கவேயன்றி, புதிய அச்சத்தை வளர்க்க அன்று. ஜாயா ஆனந்தாவிற் கற்பித்ததையும், சிவத்தம்பி ஸாஹிராவிற் கற்றதையும் நாம் மறத்தலாகாது.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

முஸ்லிம் பெற்றோர்க்கு நாம் கூறக்கூடியது இது: பிள்ளையின் ஓதலையும் படிப்பையும் ஒன்றோடொன்று போட்டியிட வைக்காதீர்கள். பரீட்சை வந்துவிட்டதென்று குர்ஆன் பள்ளிக்கூடத்தை நிறுத்துவோரும் உளர். ஓதினால் போதுமென்று பாடசாலையை இடைநிறுத்துவோரும் உளர். இருசாராரும் பிள்ளையின் ஒரு காலைக் கட்டிவிட்டு ஓடச் சொல்கின்றனர். மாலையிற் பிள்ளையை அழைத்து, இன்று ஓதியது யாது, படித்தது யாது என்று இரண்டையும் ஒரே ஆவலோடு கேளுங்கள். அவ்விரண்டும் ஒரே வீட்டுக்குரியவை என்பது அவனுக்குத் தானே விளங்கும்.

இந்துப் பெற்றோர்க்கும் அதே அறிவுரை பொருந்தும். தனியார் வகுப்புகளுக்கு ஓடியோடி, தேவாரம் பாடவும் நேரமின்றித் திரியும் நம் பிள்ளைகளைக் காணும்போது, நாவலர் எதற்காகப் பாடசாலை திறந்தார் என்பதை நாம் மறந்துவிட்டோமோ என்ற ஐயம் எழுகிறது.

மாணவர்களே, உங்கள் சமயம் உண்மையை விரும்புவதாயின் அது உண்மையைத் தேடும் படிப்புக்கு அஞ்சாது. நீங்கள் கற்கும் கல்வி மெய்யான கல்வியாயின் அது பணிவைத் தரும். பணிவுடையவன் தொழுகையை இகழான். பக்கத்து வாங்கிலிருக்கும் தோழன் வேறு முறையில் இறைவனை வணங்குவானாயின், அவனிடம் அதுபற்றி மரியாதையோடு கேட்டறியுங்கள். அல் பிரூனி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதைத்தான் செய்தார். ஒரு மொழியைப் புதிதாகக் கற்று, நெடுந்தூரம் கடந்து அவர் தேடிச்சென்றது, உங்களுக்கு ஒரு முழத் தூரத்திலே கிடைக்கிறது.